மூச்சுக்குப் பொறுப்பு யார்?

மன்னார் தொடக்கம் முல்லைத்தீவு வரையுள்ள எமது கரையோரங்களிலே, சங்கு குளித்தும் கடலட்டை எடுத்தும் சீவனம் நடத்தும் குடும்பங்கள் பலவாகும். அத்தொழிலாளர் முதுகிற் சுமந்து கடலுள் இறங்கும் சிலிண்டரை ஊரார் ‘ஒட்சிசன் சிலிண்டர்’ என்றே அழைக்கின்றனர். அதனுள் இருப்பது கரையில் நின்று நாம் சுவாசிக்கின்ற அதே வளிதான். கொம்பிறசர் என்னும் இயந்திரத்தினால் நெருக்கி அடைக்கப்பட்ட வளி. பெயரில் நேர்ந்த இத்தவறு சிறிது. அவ்வளியை எவர், எங்கே, எவ்வாறு நிரப்புகின்றனர் என்பதில் நேரக்கூடிய தவறோ உயிரையே கொள்ள வல்லது.

முற்காலத்து முத்துக்குளிப்பாளன் கல்லைப் பற்றிக்கொண்டு கடலடிக்குச் சென்றான்; ஒரே மூச்சில் அள்ளியதை அள்ளிக்கொண்டு மேலே வந்தான். 1905ஆம் ஆண்டு மரிச்சுக்கட்டியிற் கூடிய பெருஞ் சலாபத்திலும் இதுவே முறை. அவனுக்கு ஆபத்துகள் பல இருந்தன. எனினும் அவன் மூச்சு அவனுடையதாகவே இருந்தது. 1943இல் கூஸ்தோ, காஞ்ஞான் என்னும் பிரெஞ்சுக்காரர் இருவர் நீரடியிற் சுவாசிக்கும் நவீன கருவியை ஆக்கியதன் பின்னர் அந்நிலை மாறிற்று. இன்று கடலடியில் ஒருவன் இழுக்கும் ஒவ்வொரு மூச்சும், கரையிலே ஒரு கொட்டிலில் இன்னொருவன் நிரப்பிக் கொடுத்த மூச்சாகும்.

நிரப்பும் நிலையம் தொலைவில் இருக்க, நாளொன்றுக்குப் பல சிலிண்டர்களைச் செலவழிக்கும் தொழிலாளி, ‘ஒரு கொம்பிறசரும் சில சேமிப்புச் சிலிண்டர்களும் வீட்டு வளவிலேயே இருந்தால் என்ன?’ என்று எண்ணுவது இயல்பே. அந்த எண்ணத்தை நாம் குறைகூறவில்லை. தன் தொழிலுக்கு வேண்டிய கருவி தன் கையில் இருத்தல் வேண்டுமென்ற விருப்பம் போற்றத்தக்கது. ஆயினும் அந்த இயந்திரத்தின் இயல்பை அறியாமல் அதனை இயக்கத் தொடங்குதல் விபரீதமாகும்.

மோட்டார் வண்டியின் சக்கரத்துக்குச் சதுர அங்குலத்துக்கு ஏறத்தாழ 30 இறாத்தல் அமுக்கம் போதும். குளிப்போர் சிலிண்டருக்கோ 3000 இறாத்தல், அதாவது நூறு மடங்கு, தேவைப்படுகின்றது. இதனை ஒரே தடவையில் அடைய இயலாது. மூன்று அல்லது நான்கு கட்டங்களாக வளி நெருக்கப்படுகின்றது. ஒவ்வொரு கட்டத்திலும் அது கொதிப்படைகின்றது. குளிரச் செய்தவிடத்து, கடற்கரைக் காற்றிலுள்ள ஈரம் நீராய் இறங்குகின்றது. அந்நீரை இடையிடையே வெளியேற்றல் வேண்டும். கொதிக்கும் உருளைகளுக்குள் இடும் எண்ணெயும் சுவாச வளிக்கென்றே ஆக்கப்பட்டதாக இருத்தல் வேண்டும். லொறிக்கு ஊற்றும் எண்ணெயை இங்கே ஊற்றினால், அது வெப்பத்திற் கருகி நச்சு வாயுவைப் பிறப்பிக்கும்.

அந்த நச்சு வாயு காபனோரொட்சைட்டு ஆகும். நிறமில்லை, மணமில்லை, சுவையுமில்லை. குருதியிலே ஒட்சிசனைச் சுமக்கும் செந்நிறப் பொருளை, ஒட்சிசனைக் காட்டிலும் இருநூறு மடங்குக்கு மேலான பலத்தோடு இது பற்றிக்கொள்ளுகின்றது. கமக்காரர்களுக்கு இதனை நாம் விரித்துரைக்க வேண்டியதில்லை. நீரிறைக்கும் இயந்திரத்தைக் கிணற்றுக்குள்ளே இறக்கி இயக்கியவர் புகையினால் மயங்கி மாண்ட கதைகளை அவர்கள் அறிவர். அதே புகையைக் கொம்பிறசரின் வாய் உறிஞ்சினால், அந்தக் கிணற்றையே சிலிண்டருக்குள் அடைத்துக் கடலுக்கு அனுப்பியதற்கு ஒப்பாகும்.

கடலடியிலே இதன் கொடுமை பன்மடங்காகின்றது. 30 மீற்றர் ஆழத்தில் அமுக்கம் கரையிலுள்ளதன் நான்கு மடங்கு. ஆகவே பத்து இலட்சத்தில் 10 பங்கு காபனோரொட்சைட்டுக் கலந்த வளி, அவ்வாழத்தில் 40 பங்கு கலந்த வளியைப் போல் உடலைத் தாக்கும். தலைவலியும் குமட்டலும் தோன்றின், கடல் ஒத்துக்கொள்ளவில்லை என்று எண்ணிவிடுவான். ஆழத்தில் ஒட்சிசனின் அமுக்கமும் மிகுதியாக இருப்பதனால் சில வேளைகளில் எவ்விதக் குறியும் தோன்றாது. மேலெழும்பும் வேளையிலே நினைவிழப்பான். நீரில் மூழ்கி இறந்தான் என்று ஊர் சொல்லும். அவனைக் கொன்ற காற்று கரையிலேயே அடைக்கப்பட்டதென்பதை ஒருவரும் அறியார்.

இதனாலேயே பிறநாடுகள் அளவுகளை வகுத்துள்ளன. சுவாச வளியில் காபனோரொட்சைட்டு, பத்து இலட்சத்தில் 10 பங்குக்கு மேற்படலாகாது என்பது அமெரிக்க வழக்கிலுள்ள அளவு. ஐரோப்பிய நியமம் அதனை 5 பங்காகக் குறுக்கியுள்ளது. இந்த அளவுக்குள் நிற்கச் செய்ய வேண்டியவை அரிய வித்தைகளல்ல. கொம்பிறசரின் உறிஞ்சு குழாயை உயரத்தில், காற்று வரும் திசையில், எஞ்சின் புகைக்கும் அடுப்புக்கும் தெருவுக்கும் எட்டாதவாறு நிறுத்தல் வேண்டும். மின்சாரம் உள்ள இடத்தில் மின்னியந்திரமே சிறந்தது. வடிகட்டியில் ஈரத்தை உறிஞ்சும் பொருளும், எண்ணெய் நாற்றத்தைப் பிடிக்கும் கரியும், காபனோரொட்சைட்டை மாற்றும் செப்பு மங்கனீசு ஒட்சைட்டுக் கலவையும் இருத்தல் வேண்டும். அக்கலவை நனைந்தாற் பயன்படாதாதலின் வளி முதலிலே உலர்ந்திருத்தல் அவசியம். ஓடிய மணித்தியாலங்களைக் கொப்பியில் எழுதி, உரிய காலத்தில் வடிகட்டியை மாற்றல் வேண்டும். பழைய வடிகட்டியோடு ஓடுபவன் மிச்சம் பிடிக்கும் காசு பிறனுடைய உயிரின் விலையாகும்.

சேமிப்புச் சிலிண்டர்கள் பற்றியும் ஒரு வார்த்தை. இவற்றை ஆறுதலாக நிரப்பி, அமுக்கம் குறைந்ததிலிருந்து கூடியதற்கு வரிசையாகத் திறந்து, குளிப்போர் சிலிண்டருக்கு மாற்றுவதே முறை. இதிலே பெருநன்மை ஒன்று உண்டு. அடைத்த வளியை எவரும் சுவாசிக்குமுன் சோதித்துப் பார்க்க அவகாசம் கிடைக்கின்றது. ஆனால் சிலிண்டர் என்பது அடக்கி வைத்த வெடி என்பதை மறத்தலாகாது. ஆண்டுக்கொருமுறை உள்ளே பார்வையிடலும், ஐந்தாண்டுக்கொருமுறை நீரமுக்கச் சோதனையும் பல நாடுகளில் வழக்கம். உப்புநீர் புகுந்த இரும்புச் சிலிண்டர் உள்ளே துருவேறும். அத்துரு உலோகத்தை அரிப்பதோடு, அடைத்து வைத்த வளியின் ஒட்சிசனையும் தின்றுவிடும். பிள்ளைகள் விளையாடும் வளவு இதற்கு இடமா என்பதை வீட்டுக்காரரே சிந்திப்பாராக.

‘இத்தனைக்கும் ஏழைத் தொழிலாளி எங்கே போவான்?’ என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அவன் எடுக்கும் அட்டை இங்கே உண்ணப்படுவதில்லை. காய்ந்து ஹொங்கொங்குக்கும் சிங்கப்பூருக்கும் போகின்றது. கடல் கடந்து கிடைக்கும் பெரும் விலையில் கடலடிக்குச் சென்றவன் கையில் வந்து சேர்வது சிறு பங்கே. தனியொருவன் தாங்க முடியாத செலவை ஊர் தாங்கலாம். கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கங்கள் எமது கரைகளில் உள்ளன. கரைக்கொரு நிரப்பும் நிலையத்தை அவை அமைக்கட்டும். பயிற்சி பெற்ற ஒருவரைப் பொறுப்பாக நியமிக்கட்டும். சோதனைப் பெறுபேற்றை எல்லோரும் வாசிக்கச் சுவரில் எழுதி வைக்கட்டும்.

சங்கு குளிக்கவும் கடலட்டை எடுக்கவும் அனுமதிப்பத்திரம் வேண்டுமென அரசாங்கம் விதித்துள்ளது. கடல் வளத்தைக் காக்க அனுமதிப்பத்திரம் வழங்கும் அரசு, அவ்வளத்தை எடுக்கும் மனிதனையும் காக்கக் கடமைப்பட்டது. சுவாச வளி நிரப்பும் நிலையம் ஒவ்வொன்றும் பதியப்பட வேண்டும். வளியும் சிலிண்டரும் காலந்தோறும் சோதிக்கப்பட வேண்டும். அச்சோதனை மாகாணத்துக்குள்ளேயே, சிறு கட்டணத்தில் நடைபெற வேண்டும் என நாம் வற்புறுத்துகின்றோம். தண்டம் அறவிடும் சட்டத்துக்கு முன்பாகக் கற்பிக்கும் ஏற்பாடு வருதல் வேண்டும்.

எமது வாசகருள் பொறியியலாளர் உளர், வைத்தியர் உளர், ஆசிரியர் உளர். விடுமுறை நாளொன்றைக் கரையோரக் கிராமத்துக்குக் கொடுத்து, உறிஞ்சு குழாய் எங்கே நிற்கின்றது, வடிகட்டி எப்போது மாற்றப்பட்டது என்று பார்த்துச் சொல்வது அவர்களுக்குப் பெரும் பாரமன்று. தூய வளி எல்லா ஆபத்தையும் நீக்கிவிடாது. ஆழத்தில் நெடுநேரம் நின்று விரைந்து மேலெழுபவனை நைதரசன் முடக்கும். அது தனியே பேச வேண்டிய பொருள். ஆனால் காற்றிலே நஞ்சு கலவாமற் காப்பது முழுக்க முழுக்கக் கரையில் நிற்போர் கையில் உள்ளது.

சிலிண்டரின் வாயைத் திறக்கும் தொழிலாளி அதனை நிரப்பியவனை நம்பியே கடலில் இறங்குகின்றான். அந்த நம்பிக்கைக்குக் கரையில் நிற்கும் நாம் யாவரும் பிணையாளிகள்.