தாய்க் கடிகாரமும் பெயர்க் குழப்பமும்

கணிப்பொறியில் பாட்டு ஒலிக்கையில், விநாடிக்கு 44,100 அல்லது 48,000 மாதிரிகள் பிசகாத கதியில் ஒலிச்சில்லைச் சென்றடைய வேண்டும். முன்னதற்கு 22.5792, பின்னதற்கு 24.576 மெகாஹெர்ட்ஸ் துடிப்புடைய தாய்க் கடிகாரங்களை அமைப்பது பெருவழக்கு. இரண்டையும் 512-ஆல் வகுத்தால் மீதியின்றிக் கணக்கு நேராகும். ஆசிரியர்கள் இதனைக் கரும்பலகையில் போட்டுக் காட்டலாம். 44,100 மாதிரிப் பாட்டுக்கு மற்றைத் தாய் வாய்த்துவிட்டால், அது ஏறத்தாழ 9 விழுக்காடு விரைந்தோடிச் சுருதியும் ஏறிவிடும்.

லினக்ஸ் கெர்னலில் பொதுக் கடிகார அமைப்பு 2012-இல் இடம்பெற்றது. அதில் ஒவ்வொரு கடிகாரமும் தன் தாயைப் பெயர்கொண்டே தேடிற்று; அப்பெயரோ கெர்னல் முழுமைக்கும் பொது. ஒரே வகைச் சில்லுகள் இரண்டு அமைந்து, இரண்டும் ஒரே பெயரைக் கோரினால் பின்வந்ததன் பதிவு மறுக்கப்படும். பெயரில் ஓர் எழுத்துப் பிழைத்தாலோ, கடிகாரம் ‘அநாதை’ப் பட்டியலில் காத்துக் கிடக்கும். (கெர்னலாரே இட்ட பெயர்தான் அது!)

2019-இல் வேறு வழி திறந்தது. எந்தக் கம்பி எங்கே செல்கிறது என்பதைக் கூறும் சாதன விவரத்திலிருந்தே தாயை அறியலாம். பழைய முறையும் இன்றளவும் செல்லும். எழுதுவதற்குச் சுருக்கம் என்பர் சிலர். இயக்கி எழுதுவோருக்குச் சுருக்கமே. பழுது தேடுவோருக்கு அன்று. புதிதாக எழுதப்பெறும் ஒலி இயக்கிகளேனும் பெயரை விடுத்துக் கம்பியின் வழியே தாயைத் தேடுதல் வேண்டும்.