பொன்வண்டு அங்கியும் சனீஸ்வர வேஷமும்

பத்தொன்பதாம் நூற்றாண்டுச் சித்திரங்கள், இடிந்த கோட்டையும் நள்ளிரவு ஆவியும் வரும் 'காதிக்' கதைகள், பழைய நாடக மேடையின் உடுப்புகள் ஆகிய மூன்றிலும் ஒருசேர மோகம் கொண்ட ரஸிகர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். நம் நாட்டிலும் இருக்கிறார்கள். இது வெறும் சீமைப் பைத்தியம் என்று பரிகசிப்பவர்களும் உண்டு. நாம் பரிகசிக்கப் போவதில்லை. அந்த ரஸிகர்களைப் புதுவைக்கு ஒரு நடை வந்து போகும்படி அழைக்கப் போகிறோம்.

புதுவை என்றதும் அவர்கள் ரயில் நிலையத்துக்கு அருகில் உள்ள திரு இருதய ஆலயத்தைத்தான் நினைப்பார்கள். 1907-ல் அபிஷேகமான அந்த ஆலயம், கூரிய வளைவுகளாலும் வர்ணக் கண்ணாடி ஜன்னல்களாலும் காதிக் சிற்ப முறைக்கு நல்ல உதாரணமாக விளங்குகிறது. பார்க்க வேண்டியதுதான். ஆனால் நாம் சொல்ல வந்த இடம் வேறு. நகரத்தின் வடபுறத்தில், பாரதியாரின் குயில் தோப்பு இருக்கும் பக்கத்தில், கருவடிக்குப்பம் இடுகாடு இருக்கிறது. அங்கே ஒரு சமாதி உண்டு. 1867-ல் தூத்துக்குடிக்கு அருகில் காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்து, 1922 நவம்பர் 13-ந் தேதி புதுவையில் காலமான சங்கரதாஸ் ஸ்வாமிகளின் சமாதி அது.

உப்புப் பண்டகசாலையில் கணக்கு எழுதிக் கொண்டிருந்த ஸ்வாமிகள், தமது 24-ம் வயதில் நாடகத்துக்கு வந்தார். எமன், சனீஸ்வரன், இராவணன், இரணியன் முதலிய பயங்கர வேஷங்களே அவருக்குப் பெயர் வாங்கித் தந்தன. நாடக உலகத்தார் வழிவழியாகச் சொல்லி வரும் செய்தி ஒன்று உண்டு. நளதமயந்தி நாடகத்தில் சனீஸ்வரனாக நடித்துவிட்டு, விடியும் தறுவாயில் வேஷத்தைக் கலைப்பதற்காக ஸ்வாமிகள் நீர்நிலைக்குப் போனாராம். உடம்பெல்லாம் கறுப்புப் பூச்சு. தண்ணீர் எடுக்க வந்த பெண்ணொருத்தி அரை இருட்டில் அந்த உருவத்தை எதிரே கண்டாள், அலறி விழுந்தாள், மறுபடி எழுந்திருக்கவில்லை. சாவித்திரி நாடகத்தில் எமனுடைய ஆர்ப்பாட்டத்தைக் கண்டு, சபையிலிருந்த கர்ப்பிணி ஒருத்திக்குக் கருச் சிதைந்தது என்றும் சொல்வார்கள். இவற்றுக்குப் பிறகு ஸ்வாமிகள் அரிதாரத்தைத் துறந்தார். வேஷம் கட்டுவதை விட்டு, நாடகம் எழுதும் ஆசிரியரானார். 1918-ல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கிச் சிறுவர்களைப் பயிற்றுவித்தார். டி. கே. எஸ். சகோதரர்கள் அங்கே உருவானவர்களே.

காதிக் இலக்கியத்தின் மூல புருஷர் என்று ஹோரேஸ் வால்போல் என்னும் ஆங்கிலேயரைச் சொல்வது வழக்கம். அவருடைய 'ஒட்ராண்டோ கோட்டை' 1764-ல் வெளிவந்தது. ஆனால் அச்சமும் அநுபவிக்கத்தக்க ஒரு சுவை என்பது தமிழனுக்குப் புதிதன்று. தொல்காப்பியர் மெய்ப்பாடு எட்டில் அச்சத்தையும் ஒன்றாக வைத்தார். அது பிறக்கும் இடங்களில் அணங்கை முதலில் சொன்னார். பழைய விதைக்குப் புது மழை பெய்தது போலத்தான் சீமைக் கதைகள் இங்கே வந்து சேர்ந்தன. சுந்தரம் பிள்ளையின் 'மனோன்மணீயம்' 1891-ல் வெளியாயிற்று. லிட்டன் பிரபு எழுதிய 'இரகசிய வழி' என்னும் கதையைத் தழுவியது அது. கோட்டைக்குள் புகும் சுரங்க வழி அந்த நாடகத்தில் எவ்வளவு முக்கியம் என்பதை வாசகர்கள் அறிவார்கள். அதே 1891-ல்தான் பம்மல் சம்பந்த முதலியார் சென்னையில் சுகுண விலாஸ சபையைத் தோற்றுவித்தார். பின்னர் 'ஹாம்லெட்'டை 'அமலாதித்தன்' ஆக்கி, கொலையுண்ட அரசனின் ஆவியைத் தமிழ் பேச வைத்தார். ஸ்வாமிகள் மேடை ஏறியதும் ஏறக்குறைய அந்த வருஷத்திலேதான்.

இனிச் சற்றே லண்டனுக்குப் போய் வருவோம். 1888 டிசம்பர் மாதம் லைஸியம் நாடக சாலையில் 'மாக்பெத்' நாடகம் அரங்கேறிற்று. மாக்பெத்தின் மனைவியாக எல்லன் டெரி அம்மையார் நடித்தார். அவர் பூண்ட பச்சை அங்கியில் பளபளவென்று மின்னியவை என்ன தெரியுமா? சுமார் ஆயிரம் பொன்வண்டு இறக்கைகள்! நம் ஊர்ச் சிறுவர்கள் தீப்பெட்டியில் அடைத்துக் கொன்றை இலை போட்டு வளர்ப்பார்களே, அந்தப் பொன்வண்டின் இனந்தான். பொன்வண்டு இறக்கை தைத்த மஸ்லின் துணிகள் அந்நாளில் சென்னையிலிருந்தும் சீமைக்குப் போய்க் கொண்டிருந்தன. அந்த அங்கியோடு அம்மையாரை ஸார்ஜெண்ட் என்ற சித்திரக்காரர் 1889-ல் தீட்டிய படம் இன்றும் லண்டனில் இருக்கிறது. அந்த நாடக சாலையில் நிர்வாகியாக இருந்தவர்தான், 1897-ல் 'டிராகுலா'வை எழுதிய பிராம் ஸ்டோக்கர். சித்திரம், காதிக் கதை, மேடை உடை ஆகிய மூன்றும் ஒரே கூரையின் கீழ்ச் சந்தித்தன என்றால் மிகையாகாது.

நாம் வியப்பது அதையன்று. அந்த அங்கி இன்னும் இருக்கிறது என்பதையே வியக்கிறோம். கெண்ட் மாகாணத்தில் அம்மையார் வாழ்ந்த வீட்டில் அதைப் பாதுகாத்து வருகிறார்கள். நைந்து போன அதைச் சுமார் 1,300 மணி நேரம் உழைத்துச் செப்பனிட்டு, 2011-ல் மறுபடியும் பார்வைக்கு வைத்தார்கள். உதிர்ந்த இறக்கைகளைக்கூடப் பொறுக்கி ஒட்டினார்களாம். ஓர் உடுப்புக்கு இவ்வளவு மரியாதை!

ஸ்வாமிகளுக்கும் நாம் மரியாதை செய்யாமல் இல்லை. அவர் எழுதிய 'வள்ளி திருமண'மும் 'பவளக்கொடி'யும் இன்றைக்கும் நடக்கின்றன. புதுவைப் பல்கலைக் கழகத்தில் அவர் பெயரால் நாடகப் பள்ளி ஒன்று தோன்றிற்று. அதற்கு இந்திரா பார்த்தசாரதி தலைமை வகித்தார். பாட்டும் வசனமும் இவ்வாறு பிழைத்துக் கொண்டன. ஆனால் அந்தப் பாட்டுக்கு உயிர் கொடுத்த வேஷங்கள் எங்கே? கிரீடம் எவ்வளவு உயரம், அங்கிக்கு என்ன வர்ணம், கறுப்புப் பூச்சை எதில் குழைத்தார்கள் என்று ஒரு மாணவன் கேட்டால், தொட்டுக் காட்டுவதற்கு நம் கையில் என்ன இருக்கிறது?

"அந்த உடுப்புகள் போனால் போகட்டும், வெல்வெட்டும் ஜிகினாவும் பார்ஸிக் கம்பெனிகளைப் பார்த்துக் காப்பியடித்தவை, தமயந்தியின் புடவைக் கட்டு ரவிவர்மா படத்தைப் பார்த்துக் கட்டியது, இவற்றில் சுதேசியம் எங்கே?" என்று சிலர் கேட்கக் கூடும். ரவிவர்மா 1894-ல் பம்பாய்ப் பக்கத்தில் அச்சுக்கூடம் வைத்த பிறகு, அவருடைய தமயந்தியும் சகுந்தலையும் வீட்டுக்கு வீடு சுவரில் ஏறினார்கள் என்பது உண்மையே. அதனால் என்ன? பிறர் வீட்டு நூலை வாங்கி நாமே நெய்த துணி நம்முடையதுதான்.

அந்தத் துணி தேசத்துக்குச் செய்த தொண்டுக்கும் அத்தாட்சி உண்டு. விசுவநாத தாஸ் என்னும் தேசபக்தர் கதர் உடுத்தி மேடை ஏறினார். முருகன் வேஷத்தில் நின்று அந்நிய ஆட்சியைச் சாடிப் பாடினார். பன்முறை சிறை புகுந்தார். 1940 டிசம்பர் 31-ந் தேதி சென்னையில் அதே முருகன் வேஷத்தோடு மேடையிலேயே உயிர் நீத்தார். ஸ்வாமிகள் காலத்து வெல்வெட்டுக்கும் தாஸின் கதருக்கும் நடுவே நம் தேசத்தின் சரித்திரம் ஒன்று மடித்து வைக்கப்பட்டிருக்கிறது. துணியே இல்லாவிட்டால் அந்தச் சரித்திரத்தை எங்கே போய்ப் படிப்பது?

ஆகையால் நேயர்களுக்கு ஒரு விண்ணப்பம். உங்கள் பாட்டனாரோ கொள்ளுப் பாட்டனாரோ ஏதேனும் ஒரு சபையில் வேஷம் கட்டியவராக இருக்கலாம். பரணில் ஒரு தகரப் பெட்டி இருக்கலாம். அதில் சரிகை கறுத்த அங்கியோ, கண்ணாடி உதிர்ந்த புஜகீர்த்தியோ கிடைத்தால், சோப்புப் போட்டு வெளுக்க வேண்டாம்; வெயிலிலும் போட வேண்டாம். துவைத்து உலர்ந்த பழைய வேஷ்டியில் சுற்றி, ஈரம் படாத இடத்தில் வையுங்கள். ஒரே மடிப்பில் கிடந்தால் துணி அங்கேயே கிழியும். ஆகவே அவ்வப்போது மடிப்பை மாற்றுங்கள். பழைய போட்டோ அகப்பட்டால், யார், எந்த நாடகம், எந்த ஊர் என்பதைப் பின்புறம் பென்ஸிலால் மெதுவாக எழுதுங்கள். கறுப்பு வெள்ளைப் படம் வர்ணத்தைச் சொல்லாது. அங்கி பச்சையா சிவப்பா என்பதை அறிந்த பெரியவர் எவரேனும் வீட்டில் இருந்தால், இன்றே கேட்டு அதையும் குறித்துக் கொள்ளுங்கள்.

போகிப் பண்டிகை வருஷந்தோறும் வருகிறது. பழைய துணியெல்லாம் அன்று விடியற்காலையில் நெருப்புக்குப் போகிறது. இந்தத் தடவை தீ மூட்டுவதற்கு முன்னால் அந்தத் தகரப் பெட்டியை ஒருமுறை திறந்து பார்த்துவிடுங்கள்.