இல்லாத வரிக்கு முன்பிடித்தம்: இது வரியா, வழிப்பறியா?



ஒரே தெருவில் அடுத்தடுத்து இரண்டு வீடுகள் என்று வைத்துக்கொள்வோம். இரண்டுக்கும் மாத வாடகை 10,000 ரூபாய். ஒன்றின் உரிமையாளர் உள்ளூர்க்காரர். இன்னொன்றின் உரிமையாளர் குவைத்தில் வெல்டர். உள்ளூர்க்காரருக்கு முழு வாடகையும் கைக்கு வந்துடும். மாத வாடகை 50,000 ரூபாயைத் தாண்டாத வரை குடியிருப்பவர் வரி பிடிக்கத் தேவையில்லை.

குவைத்காரர் வீட்டில் குடியிருப்பவரோ, முதல் ரூபாயிலிருந்தே 31.2 சதவீதம் பிடித்து அரசுக்குக் கட்டணும். மாசம் 3,120 ரூபாய். வருசத்துக்கு 37,440. அதுக்கு அவர் டேன் எண் வாங்கணும், மூணு மாசத்துக்கு ஒருமுறை கணக்கு தாக்கல் பண்ணணும். செய்யத் தவறினால் நோட்டீஸ் அவர் பெயருக்கே வரலாம். பத்தாயிரம் ரூபாய் வாடகைக்கு இருக்கிறவர் தலையில் வரி அதிகாரி வேலையைக் கட்டியிருக்கிறது ஒன்றிய அரசு!

சரி, அந்த வெல்டர் உண்மையில் கட்ட வேண்டிய வரி எவ்வளவு? அவருடைய வெளிநாட்டுச் சம்பளத்துக்கு இங்கே வரி கிடையாது. இந்தியாவில் அவர் வருமானம் ஆண்டுக்கு 1,20,000 ரூபாய் வாடகை மட்டும். 2025-26 நிதியாண்டுக் கணக்கில், புதிய வரி முறைப்படி 4 லட்சம் வரை வரி இல்லை. ஆக, அவர் கட்ட வேண்டியது பூஜ்யம். பிடிப்பது 37,440. என்னங்க நியாயம் இது?

வங்கியிலும் இதே கதைதான். என்.ஆர்.ஓ. கணக்கில் போட்ட டெபாசிட்டுக்கு ஒரு லட்சம் வட்டி வந்தால் 31,200 ரூபாயை வங்கி எடுத்துக்கொள்ளும். உள்ளூர்க்காரர் "எனக்கு வரி வராது" என்று 15ஜி படிவம் எழுதிக் கொடுத்துப் பிடித்தத்தையே தடுக்கலாம். வெளிநாட்டில் இருப்பவருக்கு அந்தப் படிவத்தைக் கொடுக்கும் உரிமையே இல்லை.

"என்.ஆர்.இ. கணக்கு வட்டிக்கு வரியே இல்லையே, அதில் போட வேண்டியதுதானே?" என்று சிலர் கேட்கிறார்கள். அது வெளிநாட்டில் சம்பாதித்து அனுப்பும் பணத்துக்கான கணக்கு. ஊர் வீட்டு வாடகையும், அப்பா விட்டுப்போன பணமும் பொதுவாக என்.ஆர்.ஓ. கணக்குக்குத்தான் போகும்.

நிலத்தை வித்தா இன்னும் கொடுமை. 28 லட்சத்துக்கு வாங்கிய மனையைச் சில வருடம் கழித்து 30 லட்சத்துக்கு விற்கிறார். லாபம் 2 லட்சம். அதற்கு வரி 26,000 ரூபாய். ஆனால் வருமான வரி அலுவலகத்தில் முன்கூட்டியே சான்று வாங்காவிட்டால், நடைமுறையில் முழு விலைக்கும் 13 சதவீதம், அதாவது 3,90,000 ரூபாயை வாங்குபவர் பிடித்துக் கட்டிவிடுவார். லாபமே 2 லட்சம், பிடித்தம் ஏறக்குறைய 4 லட்சம். இதே மனையை உள்ளூர்க்காரர் விற்றால் ஒரு ரூபாய் முன்பிடித்தம் கிடையாது.

கேட்டா, "ரிட்டர்ன் தாக்கல் பண்ணி ரீஃபண்ட் வாங்கிக்கோங்க"ங்கிறாங்க. எளிமையான ஐ.டி.ஆர்-1 படிவம் இவர்களுக்குக் கிடையாது, ஐ.டி.ஆர்-2 தான். அதை நிரப்ப ஆடிட்டருக்குக் காசு. தாக்கலை உறுதிசெய்யும் ஆதார் ஓ.டி.பி. ஊரில் எப்போதோ செத்துப்போன சிம்முக்குப் போகும். நெட் பேங்கிங் மாதிரி வேறு வழி கைவசம் இல்லாதவர், கையெழுத்துப் போட்ட தாளை 30 நாளுக்குள் பெங்களூருக்குத் தபாலில் அனுப்பணும். பாலைவன லேபர் கேம்பில் இருப்பவர் தபால் நிலையத்தை எங்கே தேடுவார்? எத்தனையோ பேர் "போனா போகட்டும்" என்று விட்டுவிடுகிறார்கள். அப்படி விட்ட பணம் அரசிடமே தங்கிவிடுகிறது.

ஒன்றைத் தெளிவாகச் சொல்கிறோம். நாம் சலுகை கேட்கவில்லை. கோடீஸ்வரர்களுக்கு வரி விலக்கு கேட்கவில்லை. கட்ட வேண்டிய வரியைக் கட்டுகிறோம். கட்ட வேண்டாத வரியைப் பிடிக்காதே என்கிறோம். அவ்வளவுதான்.

2023-24இல் இந்தியாவுக்கு வெளிநாட்டிலிருந்து வந்த பணம் சுமார் 11,870 கோடி டாலர். அதில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் தமிழ்நாட்டுக்கு வந்தது என்கிறது ரிசர்வ் வங்கியின் ஆய்வு. பணம் வரும்போது மேடையில் பாராட்டு. ரீஃபண்ட் கேட்கும்போது படிவத்துக்கு மேல் படிவம்!

ஏன் இந்த அலட்சியம்? வெளிநாட்டில் இருப்பவர் வாக்காளராகப் பதியலாம், ஆனால் ஊருக்கு வந்து நேரில்தான் ஓட்டுப் போடணும். விமான டிக்கெட் எடுத்து யார் வருவாங்க என்ற தைரியம்தான் டெல்லிக்கு.

ஆனா சத்தம் போட்டால் மாறும். 2020 பட்ஜெட்டில், வேறெந்த நாட்டிலும் வரி கட்டாத இந்தியரை இங்கே வசிப்பவராகவே கருதுவோம் என்றார்கள். வளைகுடா கொந்தளித்தது. மறுநாளே விளக்கம் வந்தது; பிறகு 15 லட்சம் என்ற வரம்பும் வந்தது. 2024இல் சொத்து விற்பனைக்கான பணவீக்கச் சலுகையைப் பறித்தார்கள். எதிர்ப்பு வந்ததும் பழைய சொத்துகளுக்குத் திருப்பிக் கொடுத்தார்கள். ஆனால் உள்ளூரில் வசிப்பவர்களுக்கு மட்டும்! குரல் கொடுக்க ஆள் இல்லாதவர்கள் அதிலும் விடுபட்டார்கள்.

நமது கோரிக்கைகள் நான்கு:

1. வரி வரம்புக்குள் இருக்கும் வெளிநாடு வாழ் இந்தியருக்கும் 15ஜி போன்ற உறுதிமொழி உரிமை வேண்டும்.
2. மாதம் 50,000 ரூபாய் வரையிலான வாடகைக்கு முன்பிடித்தம் கூடாது.
3. சொத்து விற்பனையில் லாபத்துக்கு மட்டுமே பிடித்தம். பணவீக்கச் சலுகை எல்லோருக்கும்.
4. வெளிநாட்டுக் கைபேசி எண்ணிலேயே தாக்கலை உறுதிசெய்ய வழி வேண்டும்.

சொந்தங்களே, இன்னொன்று. "12 லட்சம் வரை வரி இல்லை" என்ற விளம்பரத்தை நம்பிச் சும்மா இருந்துடாதீங்க. அந்தத் தள்ளுபடி இந்தியாவில் வசிப்பவர்களுக்கு மட்டும்தான். உங்களுக்கு 4 லட்சம்தான் வரம்பு. வருமான வரி இணையதளத்தில் உங்கள் 26ஏ.எஸ். அறிக்கையைத் திறந்து பாருங்க. எவ்வளவு பிடிச்சிருக்காங்கன்னு தெரியும். கெடு தேதிக்குள் தாக்கல் செய்து கடைசி ரூபாய் வரை திருப்பி வாங்குங்க. அது உங்கள் வியர்வை.

உங்கள் தொகுதி எம்.பி.க்கு இந்த நான்கு கோரிக்கைகளையும் எழுதி அனுப்புங்க. வளைகுடாவில், சிங்கப்பூரில், மலேசியாவில் இருக்கும் நம்ம ஆட்கள் ஒவ்வொருவருக்கும் இதைப் பகிருங்கள்.

#கட்ட_வேண்டாத_வரியைப்_பிடிக்காதே
#பிடித்ததைத்_திருப்பிக்_கொடு