களைக்குது என்றால்

போன ஞாயிற்றுக்கிழமை பின்னேரம், எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளியிருக்கும் ஒரு பிள்ளை கையில் மண்ணிறக் கடித உறையோடு வந்து நின்றான். இருபத்து நாலு வயதிருக்கும். கிழக்கு லண்டனிலேயே பிறந்து வளர்ந்தவன். அம்மாவுக்குக் கன காலமாக மூட்டுவாதம். வந்த கடிதமோ அவர் வேலை செய்யத் தகுதியுள்ளவர் என்கிறது. "அக்கா, உங்கட அப்பாவுக்கும் இப்பிடி வந்ததாமே, நீங்கள் என்ன செய்தனீங்கள்?" என்று கேட்டான்.

தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்துவிட்டு மேலேயிருந்து அப்பாவின் கடிதக் கோப்பினை எடுத்து வந்தேன். இவ்வளவு வருடமாகியும் அதை நான் எறியவில்லை.

அப்பா இருபது வருடத்துக்கு மேல் பெற்றோல் நிலையத்தில் இரவு வேலை செய்தவர். 2016இல் மாரடைப்பு வந்தது. உயிர் தப்பினார், ஆனால் இதயம் பலவீனப்பட்டுவிட்டது. நீரிழிவால் ஏற்கெனவே பாதங்கள் மரத்துப் போயிருந்தன. அறுபது வயது. ஓய்வூதியம் எடுக்க இன்னும் ஆறு வருடம் இருந்தது. சுகவீன விடுப்புச் சம்பளம் 28 கிழமையோடு முடிந்ததும், நோயால் வேலை செய்ய முடியாதவர்களுக்கான கொடுப்பனவுக்கு நான்தான் விண்ணப்பித்தேன். அப்பாவுக்கு அது பிடிக்கவில்லை. "கை நீட்டிச் சாப்பிடச் சொல்லுறியோ?" என்றார். அவருடைய பழைய சம்பளத் துண்டுகளை எடுத்து, ஒவ்வொன்றிலும் தேசியக் காப்புறுதிக்கென்று கழித்திருந்த தொகையைக் காட்டினேன். அந்தப் பங்களிப்பைக் கொண்டுதான் இந்தக் கொடுப்பனவு வருகிறது, அப்போது கிழமைக்கு 73 பவுண் 10 பென்ஸ். பேசாமல் கையொப்பம் வைத்தார்.

பிறகு மதிப்பீட்டுக்கு அழைத்தார்கள். 2008இல் கொண்டுவந்த முறை இது. நோயின் பெயருக்கு அதில் புள்ளி இல்லை. நடப்பது, நிற்பது, கையால் எடுப்பது, புதிய வேலையொன்றைப் பழகுவது, மற்றவர்களோடு பழகுவது என்று பதினேழு செயல்கள், ஒவ்வொன்றுக்கும் புள்ளி. பதினைந்து சேர்ந்தால் வேலை செய்யும் இயலுமை குறைந்தவர். சேராவிட்டால் தகுதியுள்ளவர். மதிப்பிடுகிறவர் தாதியாகவும் இருக்கலாம், இயன்மருத்துவராகவும் இருக்கலாம். அவர் அறிக்கையை எழுதி அனுப்ப, கொடுப்பனவு வழங்கும் திணைக்களத்தில், அப்பாவை ஒருநாளும் காணாத ஓர் அலுவலர் முடிவெடுப்பார்.

உரைபெயர்ப்பாளர் வேண்டுமென்று கேட்டிருக்கலாம். நானே போதும் என்று நினைத்தேன். மதிப்பீட்டு அறையில் நடந்ததை இன்றைக்கும் சொல்லுக்குச் சொல் ஒப்புவிப்பேன். கடைக்கு நடந்து போவீர்களா என்று மதிப்பிட்ட பெண் அன்பாகத்தான் கேட்டார். "ஓம், போவன்" என்றார் அப்பா. போவார் என்று சொன்னேன். நடக்கும்போது என்ன செய்யும் என்று கேட்டார். "கொஞ்சம் களைக்கும், சமாளிப்பன்" என்றார் அப்பா. கொஞ்சம் களைப்பாக இருக்கும், சமாளித்துக்கொள்வார் என்று ஆங்கிலத்தில் சொன்னேன்.

யாழ்ப்பாணத்துக்காரருக்கு நான் விளங்கப்படுத்தத் தேவையில்லை. எங்கள் பேச்சில் களைக்குது என்றால் அலுப்பாக இருக்கிறது என்று மட்டும் அர்த்தமில்லை. மூச்சு வாங்குகிறது, நெஞ்சு அடைக்கிறது, இதற்கு மேல் ஒரு அடி வைக்க ஏலாது என்பதற்கும் அதே சொல்தான். பிறந்ததிலிருந்து அந்தச் சொல்லைக் கேட்டு வளர்ந்தவள், ஆங்கிலத்துக்கு மாற்றும்போது அதன் மூச்சை எடுத்துவிட்டு அலுப்பை மட்டும் கொடுத்தேன். அலுப்புக்குப் புள்ளி கிடையாது.

கடிதம் வந்தது 2018 ஜனவரியில். புள்ளி பூச்சியம். அன்றோடு காசும் நின்றது.

முதலில் நான் செய்தது தொலைபேசி எடுத்து மதிப்பீட்டு அறிக்கையின் பிரதியைக் கேட்டது. இதை அந்தப் பிள்ளைக்கும் முதல் வேலையாகச் சொன்னேன். கடிதம் முடிவை மட்டும்தான் சுருக்கமாகச் சொல்லும், அந்த முடிவு எதிலிருந்து வந்ததென்று அறிக்கையைப் படித்தால்தான் தெரியும். ஒரு கிழமை கழித்து வந்த அறிக்கையில், அப்பா நாளாந்தம் கடைக்கு நடந்து போகிறார், களைப்பைப் பற்றிச் சொல்கிறார், சமாளிக்கிறார், நாற்பது நிமிடம் அசௌகரியம் ஏதும் தென்படாமல் இருந்தார் என்றெல்லாம் இருந்தது. அதில் ஒரு வரியைக்கூட முழுப் பொய் என்று என்னால் சொல்ல முடியவில்லை. அந்த அறையில் நாங்கள் இருவரும் சொன்னதுதான் அங்கே இருந்தது. அன்றிரவு நான் நித்திரை கொள்ளவில்லை.

முடிவை மறுக்க ஒரு மாதம் இருக்கிறது. அப்போது நேரே தீர்ப்பாயத்துக்குப் போக விடமாட்டார்கள். முதலில் அதே திணைக்களத்திடம் மறுபரிசீலனை கேட்க வேண்டியிருந்தது. 2013 ஒக்டோபரில் இந்தக் கொடுப்பனவுக்கு அதைக் கட்டாயமாக்கினார்கள். மறுபரிசீலனைக் காலத்தில் காசு கிடைக்கவில்லை. தீர்ப்பாயத்தில் மேன்முறையீடு பதிந்து, குடும்ப வைத்தியரான ஜீபியிடம் சுகவீனச் சான்று வாங்கிக் கொடுத்த பிறகுதான் 73 பவுண் திரும்ப வரத் தொடங்கியது. நாங்கள் காத்திருந்தது ஒன்பது கிழமை. அம்மாவின் பராமரிப்பு வேலைச் சம்பளத்திலும் என் சம்பளத்திலும் வீடு ஓடியது. இரண்டு வருடம் கழித்து, 2020 ஜூலையில், மேன்முறையீட்டுக் காலத்தில் கொடுப்பனவு பெறக்கூடியவர்களை முதலில் இந்த மறுபரிசீலனைக்குள் தள்ளி மறிப்பது நீதிமன்றத்தை அணுகும் உரிமைக்கு மாறானது, சட்டவிரோதமானது என்று இங்கிலாந்து உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சுகமில்லாத ஒரு மனிதர்தான் அந்த வழக்கைப் போட்டவர். செய்தியைப் படித்தபோது முன்பின் தெரியாத அந்த மனிதருக்கு மனதார நன்றி சொன்னேன்.

மறுபரிசீலனையும் முடிவை மாற்றவில்லை. மேன்முறையீட்டுக்குக் கட்டணமில்லை. ஆனால் வழக்கறிஞருக்கு அரச உதவியும் இல்லை. நலக்கொடுப்பனவு வழக்குகளில் இந்தக் கட்டத்துக்கான உதவியை 2013 ஏப்ரலில் எடுத்துவிட்டார்கள். இலவசமாக ஆலோசனை சொல்லும் சிற்றிசன்ஸ் அட்வைஸ் அலுவலகத்தில் ஒரு தொண்டர் முக்கால் மணித்தியாலம் என்னோடு இருந்தார். நோயின் பெயரை எழுதாதே, அந்த நோயால் என்ன செய்ய ஏலாது என்பதை எழுது என்றார். ஒரு தரம் செய்ய முடிவது கணக்கில்லை, திரும்பத் திரும்பச் செய்ய முடிகிறதா என்று பார் என்றார். இன்னொன்றும் சொன்னார்: தீர்ப்பாயம் பார்ப்பது முடிவெடுத்த அன்றைய நிலைமையை. அதற்குப் பிறகு நோய் மோசமாகியிருந்தால் அது இந்த வழக்கில் எடுபடாது. அதனால் ஜனவரியில் அப்பா எப்படி இருந்தார் என்பதற்குத்தான் சான்று தேட வேண்டும்.

நடப்பதற்கான விதி எனக்கு இப்போதும் மனப்பாடம். சமதரையில் 50 மீற்றருக்கு மேல், கடும் அசௌகரியமோ களைப்போ வராமல் தவிர்க்க இடையில் நிற்காமல், போக முடியாவிட்டால் 15 புள்ளி. அல்லது அந்த 50 மீற்றரை நியாயமான நேரத்துக்குள் திரும்பத் திரும்பப் போக முடியாவிட்டாலும் 15. நூறு மீற்றர் என்றால் 9. இருநூறு என்றால் 6.

கட்டட வேலை செய்யும் மாமாவிடம் முப்பது மீற்றர் அளவு நாடா ஒன்றை வாங்கினேன். அப்பா படுத்த பிறகு, இரவு பத்து மணிக்கு, தம்பி ஒரு நுனியைப் பிடிக்க எங்கள் படலையிலிருந்து மூலைக் கடை வரைக்கும் அளந்தோம். அப்பா முதலில் நிற்பது சிவப்புத் தபால் பெட்டியடியில். 38 மீற்றர். இரண்டாவது தேவாலயத்தின் குட்டிச் சுவர், அதில் குந்திவிடுவார். பிறகு பஸ் தரிப்பு வாங்கு. கடை 170 மீற்றரில். போய் வர முக்கால் மணித்தியாலம் எடுக்கிறார் என்பது அம்மாவுக்குத் தெரிந்திருந்தது. சனங்களோடு கதைத்துக்கொண்டு நிற்கிறார் என்றுதான் நான் இவ்வளவு நாளும் நினைத்திருந்தேன்.

மிச்சத்தைக் கடதாசிகள் சொல்லின. இதய சிகிச்சைப் பிரிவிலிருந்து ஜீபிக்கு எழுதுகிற கடிதங்களின் பிரதி வீட்டுக்கும் வந்து அலுமாரிக்குள் கிடந்தது. 2017 நவம்பர்க் கடிதத்தில் மூச்சிரைப்பின் கடுமை நான்கில் மூன்றாம் வகுப்பு என்று இருந்தது: சும்மா இருக்கையில் சுகம், வழமையிலும் குறைந்த வேலைக்கே மூச்சு வாங்கும். காசு கொடுத்து வாங்க வேண்டியிராத இந்தச் சான்றை முதல் விண்ணப்பத்தோடு வைக்க எனக்குத் தோன்றவேயில்லை.

இதெல்லாம் வேலை. கஷ்டம் வேறு இடத்தில் இருந்தது.

நான் எழுதிய அறிக்கையை அப்பாவுக்கு வாசித்துக் காட்ட வேண்டியிருந்தது. அவருடைய பெயரில் போகிற, அவர் கையொப்பம் வைக்கிற கடதாசி. குளிக்கும்போது அம்மா பிளாஸ்டிக் கதிரை போட்டு முதுகுக்குத் தண்ணீர் வார்க்கிறார் என்ற இடத்தில், "உதை எழுதாதை பிள்ளை" என்றார். சப்பாத்தைக் குனிந்து போட ஏலாமல் செருப்போடு திரிகிறார் என்ற இடத்தில் எழும்பிக் குசினிக்குப் போய்விட்டார். எங்கள் மூன்று பேரையும் படிப்பித்து, ஊரில் இரண்டு தங்கச்சிமாரைக் கட்டிக்கொடுத்த மனிதர். அவரால் ஏலாதவற்றை மகள் இலக்கம் போட்டு வாசிக்கிறாள்.

நான் கூட்டி எழுதவில்லை. ஏலுமானதையும் எழுதினேன்: சுகமான நாளில் பேரப்பிள்ளைக்குக் கதை சொல்வார், பேப்பர் முழுக்க வாசிப்பார். தேவைக்கு மேல் ஒரு சொல் சேர்த்தாலும் மற்ற எல்லாச் சொல்லும் கெட்டுவிடும் என்று அந்தத் தொண்டர் சொன்னது எனக்குச் சரியாகவே பட்டது. அரை மணித்தியாலம் கழித்து அப்பா திரும்பி வந்து இருந்தார். "அம்மா தண்ணி வாக்கிறதை மட்டும் நீ எழுதாதை, அவவை எழுதச் சொல்லு" என்றார். அம்மா தமிழில் ஒரு பக்கம் எழுதினார். நான் மொழிபெயர்த்து இரண்டையும் சேர்த்து வைத்தேன்.

விசாரணை செப்டெம்பரில். ஒரு நீதிபதி, ஒரு வைத்தியர், நீள மேசை, தண்ணீர்க் குவளை. திணைக்களத்திலிருந்து யாரும் வரவில்லை. இந்த முறை தீர்ப்பாயம் ஒழுங்கு செய்த உரைபெயர்ப்பாளர் இருந்தார். குடும்பத்தாரை அதற்கு விடமாட்டார்கள். வந்தவர் சென்னைப் பக்கத்துப் பெண். நான் பக்கத்தில் பேசாமல் இருக்க வேண்டும். அது எனக்குப் பெரிய பாடு.

வைத்தியர் கேட்டார்: "தபால் பெட்டியடியில் ஏன் நிற்கிறீர்கள்?" அப்பா சொன்னார்: "களைக்கும்."

உரைபெயர்ப்பாளர் வாயைத் திறந்தவர் நிறுத்திவிட்டார். நீதிபதியிடம் அனுமதி கேட்டு, அப்பாவிடம் திரும்பி, "ஐயா, களைக்கும்னா சோர்வா இருக்கும்னு சொல்றீங்களா, இல்ல மூச்சு வாங்குதுன்னா?" என்றார். என்ன கேள்வி இது என்பதுபோல அப்பா அவரைப் பார்த்தார். பிறகு வலது கையை நெஞ்சில் வைத்து, மூச்சை எடுத்து, பாதியில் நிற்பதைக் காட்டினார். "இஞ்சை வந்து அடைக்கும். அந்தப் பெட்டியைப் பிடிச்சுக்கொண்டு நிப்பன். ஆரும் வந்தா, கடிதம் போட வந்த மாதிரி நிப்பன்" என்றார்.

அதை நான் முதல் தரம் அங்கேதான் கேட்டேன்.

இருபத்தைந்து நிமிடத்தில் முடிந்தது. வெளியே இருக்கச் சொல்லி, பத்து நிமிடத்தில் திரும்பக் கூப்பிட்டு, ஒரு தாளைக் கொடுத்தார்கள். நடப்பதற்கு 15 புள்ளி. அதே 50 மீற்றர் விதி கடும் நோயாளர் பிரிவுக்கும் பொருந்துவதால், வேலை தேடுவதற்கான எந்த நிபந்தனையும் இல்லை. நின்றுபோன கிழமைகளுக்கான காசும் சேர்ந்து வந்தது. அந்தக் காலத்தில் இப்படித் தீர்ப்பாயம்வரை போனவர்களில் பாதிப்பேருக்கு மேல் வென்றார்கள். அந்த எண்ணைப் பார்த்தால் எனக்குச் சந்தோசம் வருவதில்லை. ஒரு மாதத்துக்குள் பதில் போடாமல், "சரி, அவை சொன்னாச் சரிதானே" என்று கடிதத்தை மடித்து வைத்த அப்பாமாரும் அம்மாமாரும்தான் நினைவுக்கு வருகிறார்கள்.

இந்த மதிப்பீட்டையே 2028இல் எடுத்துவிடப் போவதாக 2025 மார்ச்சில் அரசாங்கம் அறிவித்தது. அந்தப் பிள்ளையின் அம்மாவுக்கு அதனால் இன்றைக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை. அவருடைய கொடுப்பனவின் பெயர் வேறு. விதியும் புள்ளியும் அதேதான். கடிதத் திகதியிலிருந்து எண்ணிப் பார்த்தோம், பதினொரு நாள் மிச்சம். மறுபரிசீலனைக் கடிதத்தை உடனே பதிவுத் தபாலில் போடு, சான்றுகள் பின்னால் வரும் என்று அதிலேயே எழுது என்றேன். கைகளைப் பற்றிய விதிகளைக் காட்டினேன். அவற்றில் ஒன்று, இரண்டு கையில் எதனாலும் ஒரு பவுண் நாணயத்தை எடுக்க முடியாவிட்டால் 15 புள்ளி என்கிறது. "அம்மா எடுப்பா அக்கா, கடைக்குப் போறவதானே" என்றான்.

புதன்கிழமை இரவு தொலைபேசி எடுத்தான். "மேசையில காசை வச்சு எடுக்கச் சொன்னனான் அக்கா. ரெண்டு கையாலயும் ஏலாது. உள்ளங்கையால மேசை விளிம்புக்கு இழுத்துக்கொண்டு வந்து, கீழ மற்றக் கையை ஏந்திப் பிடிக்கிறா. கடையில பேர்சை அப்பிடியே நீட்டுவாவாம், அவை எடுப்பினமாம். நாலு வருசமாம்." கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு கேட்டான்: "இதை எந்தப் பக்கத்தில எழுதுறது?"