சினைப் பச்சோந்தி தரையிறங்கும் பருவம்

தமிழில் பச்சோந்தியைப் பற்றி எழுதப்பட்டுள்ள வரிகளை யாரேனும் தொகுத்துப் பார்த்தால், அவற்றுள் பெரும்பாலானவை கட்சி மாறியவர்களைப் பற்றியனவாகவே இருக்கும். ஒரு பெயர் வசையாக நிலைபெற்றுவிட்டால், அப்பெயருக்குரிய உயிரை உற்றுப் பார்ப்பார் இல்லை. இந்த இழப்பு சொல்லோடு நின்றிருந்தால் நான் எழுத வேண்டியதில்லை. எங்கள் வாலாஜாபேட்டையைச் சுற்றியுள்ள சாலைகளில், ஐப்பசி கார்த்திகை மழை நாட்களில், சக்கரத்தில் நசுங்கியும் கல்லடி பட்டும் கிடக்கும் பச்சோந்திகளுள் நான் கண்டவை பலவும் வயிறு பருத்த பெண்கள். கிளையை விட்டு இறங்க விரும்பாத உயிர் அந்தப் பருவத்தில் ஏன் தரைக்கு வந்தது என்று கேட்டவர் எவருமில்லை. ஆகவே, சினைப்பட்ட பச்சோந்தியை எவ்வாறு அறிவது என்பதை இங்கே எழுதுகிறேன். இலக்கியப் பக்கத்தில் இதற்கு என்ன இடம் என்று கேட்கும் நண்பர்கள் சற்றுப் பொறுத்தருள வேண்டும்.

முதலில் சொல். கர்ப்பம் என்பது இங்கே அவ்வளவு பொருந்தாது. ஆப்பிரிக்க மலைப்பகுதிகளின் ஜாக்சன் பச்சோந்தி போன்ற சில இனங்கள் குட்டி ஈன்றாலும், பெரும்பாலானவை முட்டையிடுபவை. ஆங்கிலத்தில் விலங்கியலார் இதற்கென்று 'கிராவிட்' என்னும் தனிச்சொல்லைக் கையாள்கின்றனர். நமக்கு அந்த இடர்ப்பாடே இல்லை. சினை ஆடு என்கிறோம், சினை நண்டு என்கிறோம், மீன் வயிற்று முட்டைத் திரளையும் சினை என்றே சொல்கிறோம். மீன் விற்கும் அம்மாளுக்குத் தெரிந்த இந்தச் சொல்லைப் பாடநூல்கள்தாம் மறந்துவிட்டன.

சினையின் அறிகுறிகளை நுட்பமாகக் குறித்து வைத்தவர்கள், அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பச்சோந்தியைக் கூண்டில் வளர்ப்போர். அவர்களிடம் மிகுதியாக இருப்பவை ஏமன், சவூதி அரேபியப் பகுதியைச் சேர்ந்த, தலையில் உயர்ந்த கொண்டையுடைய ஏமன் பச்சோந்தியும், மடகாஸ்கர் தீவின் பாந்தர் பச்சோந்தியும். ஏமன் இனத்துப் பெண், இணைசேர்ந்த ஓரிரு நாட்களில் வெளிர்பச்சையை விட்டுக் கருமை படர்ந்து, உடலெங்கும் நீலமும் மஞ்சளுமாகப் புள்ளிகள் எழக் காண்கிறது. பாந்தர் பெண் கருத்து, செம்மஞ்சளோ இளஞ்சிவப்போ பூசியதுபோல் ஆகிறது. அந்நிலையில் ஆண் நெருங்கினால் வாயைப் பிளந்து சீறும், உடலைத் தட்டையாக்கி முன்னும் பின்னும் ஆடும். 'நெருங்காதே, நான் சினை' என்பதன்றி அந்த நிறத்துக்கு வேறு பொருளில்லை. பச்சோந்தி பின்னணிக்கேற்ப நிறம் மாறி ஏமாற்றுகிறது என்னும் நம் பொதுநம்பிக்கை இங்கே தலைகீழாகிறது. ஜெனீவா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015-இல் பாந்தர் பச்சோந்தியின் தோலை ஆராய்ந்து, அதன் உயிரணுக்களிலுள்ள நுண்படிகங்களின் இடைவெளி மாறுவதால் நிறம் மாறுகிறது என்று காட்டினர். நிறமாற்றத்தின் பெரும்பங்கு தன் இனத்தோடு பேசுவதற்கும் வெப்பத்தைச் சீர்செய்வதற்கும்தான். இனி யாரையேனும் பச்சோந்தி என்று வைய விரும்புவோர் இதையும் கருதலாம்.

நிறத்துக்குப் பின் வயிறு. விலாவின் கீழ்ப்பகுதி அகன்று தொங்கும். நாட்கள் செல்லச் செல்லத் தோலுக்கடியில் கோலிக்குண்டுகளை வரிசையாக வைத்ததுபோல் மேடுகள் தெரியும். பருத்த வயிறு மட்டும் சான்றாகாது, கொழுத்த பெண்ணுக்கும் வயிறு அகலும். ஆணைக் கண்டறியாத பெண்ணும் கருவற்ற முட்டைகளைச் சுமக்கும் என்பது வளர்ப்போர் பலரைத் திகைக்க வைத்த செய்தி. சினைக்காலத்தில் தண்ணீர் மிகுதியாகக் குடிக்கும். தொடக்கத்தில் நன்றாக உண்டது, முட்டையிடும் நாள் நெருங்கியதும் உணவைத் தொடாது.

இவை எல்லாவற்றினும் உறுதியான அறிகுறி நடைதான். நாளெல்லாம் கிளையில் அசையாது இருந்த உயிர், திடீரெனக் கூண்டின் அடித்தளத்துக்கு இறங்கி அங்குமிங்கும் அலையும், மூலைகளைக் கீறும். தோண்டுவதற்கு மண்ணைத் தேடுகிறது. ஏமன் இனத்தில் இணைசேர்ந்து மூன்று, நான்கு வாரங்களில் இந்த அலைச்சல் தொடங்கும். அப்போது ஓரடி ஆழத்துக்கு ஈரமணல் நிரப்பிய தொட்டி கிடைக்காவிடில், முட்டைகள் உள்ளேயே தங்கிவிடும். கண்கள் குழிவிழும், கால்கள் பிடியிழக்கும், பல சமயம் உயிரே போய்விடும். தோண்டும்போது யாரேனும் உற்றுப் பார்த்தாலும் பாதியில் கைவிட்டு வெளியேறிவிடும் என்பதால், அனுபவமுள்ள வளர்ப்போர் கூண்டைத் துணியால் மூடிவைப்பர்.

இதையெல்லாம் படித்துவிட்டு ஒன்று வாங்கி வளர்க்கலாமே என்று எண்ணுவோருக்கு என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். வேண்டாம். நம் நாட்டுப் பச்சோந்தி 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் காப்பில் உள்ளது. அதைப் பிடிப்பதும் வீட்டில் வைத்திருப்பதும் குற்றம். வேற்றுநாட்டு இனங்களுக்கோ, 2022-இல் இயற்றப்பட்டு 2023 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி, சைட்டிஸ் உடன்படிக்கைப் பட்டியலில் உள்ளவற்றைப் பதிவு செய்தாக வேண்டும். அவை ஈனும் குஞ்சுகளையும் தெரிவித்தாக வேண்டும். சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். கூண்டுகளில் எத்தனையோ பெண்கள் மண் கிடைக்காமல் மாண்டதன் விலையாகச் சேர்ந்த அறிவு இது. அதைக் கொண்டு இன்னொரு கூண்டு செய்வதைவிட, நம் தெருவோரத்தில் இறங்கி வருவதை அறிந்துகொள்வதே தக்கது.

ஏனெனில் கூண்டின் அடித்தளத்துக்கு இறங்கும் அதே நடைதான் நம் சாலையில் நிகழ்வது. இந்தியப் பச்சோந்திக்கு 1768-இல் லாரெண்டி இட்ட அறிவியற் பெயரில் இலங்கை இருக்கிறது. ஆனால் அது நம் வறள்நிலங்களுக்கும் உரியது. பாலாற்றங்கரை வேலிகளிலும் வேலிகாத்தான் புதர்களிலும் வாழ்கிறது. கோடையில் இறுகிய செம்மண், மழை பெய்தபின்தான் அதன் கால்களுக்கு இளகுகிறது. ஒரு முறைக்கு இருபதுக்குக் குறையாமல் முட்டைகளைச் சுமக்கக்கூடிய பெண், மெல்ல அசைந்தசைந்து, இடம் தேடிச் சாலையைக் கடக்கிறது. அதன் நடை வேகத்துக்குச் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலை கடக்கக்கூடியதன்று. (முட்டைகள் பல மாதம் கிடக்க வேண்டிய மண்ணைப் பற்றித் தனிக்கட்டுரை எழுத வேண்டும். ராணிப்பேட்டையில் மூடப்பட்ட குரோமேட் ஆலையின் கழிவு லட்சம் டன்னுக்கு மேல் குவிந்து கிடந்த வரலாறு இப்பகுதியினர் அறிந்ததே.)

சக்கரத்துக்குத் தப்பியது கல்லுக்குத் தப்புவதில்லை. இராமனுக்கு அணில் இளநீர் தந்தது, ஓணான் சிறுநீர் தந்தது என்னும் கதை இன்னும் சிறுவர் வாயில் இருக்கிறது. அந்தப் பழி பச்சோந்தி மேலும் விழுகிறது. நஞ்சு உண்டென்ற அச்சம் வேறு. அதற்கு நஞ்சே இல்லை. குறுந்தொகையில் அள்ளூர் நன்முல்லையாரின் 140-ஆம் பாட்டில் பாலைவழிச் செல்வோர் ஓந்தியை நிமித்தமாகக் கொள்கின்றனர். அந்த ஓந்தி முதிய ஆண். தொல்காப்பிய மரபியல் ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனியே பெயர்களை வகுத்துத் தந்திருந்தும், ஓந்தியின் பெண்ணை நாம் கண்டுகொள்ளவில்லை. ஆயினும் அந்த வழிப்போக்கர்கள் அதை நின்று பார்த்தனர், கல்லெடுக்கவில்லை.

அண்மைக்காலமாக வேறொரு தொல்லை சேர்ந்திருக்கிறது. என் மாணவர்களுள் இரக்கமுள்ள சிலர், தரையில் நடக்கும் பச்சோந்தியைக் கண்டால் குச்சியில் ஏற்றி அருகிலுள்ள மரத்தில் விட்டுவிடுகின்றனர். நல்ல மனம்தான். ஆனால் வயிறு பருத்துத் தரையைக் கீறிக்கொண்டிருக்கும் பெண்ணை மரத்தில் ஏற்றினால், அது மறுபடியும் இறங்கி மறுபடியும் சாலையைக் கடக்கும். விலாவில் மேடுகள் தெரிகின்றனவா, எத்திசை நோக்கிச் சென்றது என்று பாருங்கள். சாலை நடுவில் இருந்தால் அது சென்ற பக்கத்து ஓரத்திலேயே, தளர்ந்த மண்ணருகே விட்டு விலகிவிடுங்கள். தோண்டத் தொடங்கியிருந்தால் நாயையும் பையன்களையும் சற்றுத் தொலைவில் நிறுத்தினால் போதும். கைப்பேசியில் படமெடுக்க நெருங்க வேண்டாம். முட்டையிட்டு முடித்ததும் குழியைத் தானே மூடி மிதித்துவிடும். அதன்பின் விலா ஒட்டி, இடுப்பெலும்பு தெரியத் திரும்பி வரும் பெண்ணை வேண்டுமானால் குச்சியில் ஏற்றிக் கிளையில் விடலாம்.