சுற்றுலாப் பேருந்தில் யாருக்கு இடம்?



எண்ணூர், மணலி, திருவொற்றியூர்ப் பகுதிகளிலுள்ள ஆலைகள் பலவற்றில் ஆண்டுக்கொருமுறை பிரிவு பிரிவாகச் சுற்றுலா செல்லும் வழக்கம் உண்டு. ஆண்டு முழுவதும் இயந்திரங்களின் இரைச்சலில் உழைத்தவர்கள் ஒருநாள் கூடி உண்டு மகிழ்வது நன்று. ஆனால் அந்தப் பேருந்தில் யார் யாருக்கு இடம் கிடைக்கிறது என்பதை நாம் எண்ணிப்பார்க்க வேண்டும்.

சென்ற ஆண்டு நம் பங்கைச் சேர்ந்த இளம் மேற்பார்வையாளர் ஒருவர் பயணப் பட்டியலுடன் வந்து, எங்கே போகலாம் என்று கேட்டார். "தொலைவில் ஏன் தேடுகிறீர்கள்? இராயபுரத்தைப் போய்ப் பாருங்கள்" என்றேன். பட்டியலில் 26 பெயர்கள் இருந்தன. அதே பிரிவில் துப்புரவும் சுமைப்பணியும் செய்யும் எண்மரின் பெயர்கள் அதில் இல்லை. காரணம் கேட்டேன். "அவர்கள் காண்டிராக்ட் ஆட்கள், சாமி. எங்கள் கணக்கில் வரமாட்டார்கள்" என்றார். "நாள்தோறும் உங்களோடுதானே உழைக்கிறார்கள்?" என்றேன். அவர் மறுமொழி கூறவில்லை.

மறுவாரம் அவர் கொண்டுவந்த பட்டியலில் 34 பெயர்கள் இருந்தன. கூடுதல் செலவை நிரந்தரத் தொழிலாளர் பகிர்ந்துகொண்டனர்; இருவர் முணுமுணுத்தனராம். வேலைநாளில் போனால் அந்த எண்மருக்கும் அன்றைய கூலி இல்லை. ஆகவே பயணத்தை ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றி, காலைப் பூசை முடிந்ததும் புறப்பட்டனர்.

இராயப்பர் என்பது புனித பேதுருவுக்கு நம் முன்னோர் வழங்கிய பெயர். அப்பெயரால் இங்கே ஆலயம் எழுப்பியவர்கள் படகோட்டிக் குடும்பத்தினர். துறைமுகம் இல்லாத காலத்தில் கப்பல்கள் கரைக்கு வர இயலாமல் நடுக்கடலில் நிற்கும். ஆணி அடிக்காமல், பலகைகளைக் கயிற்றால் தைத்துச் செய்த மசூலாப் படகுகளில் அலைகளைக் கடந்து சென்று, ஆட்களையும் சரக்கையும் கரைசேர்த்தவர்கள் அவர்களே. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் இரயில் 1856 ஜூலை 1 அன்று இராயபுரத்திலிருந்து வாலாஜா சாலைக்குப் புறப்பட்டது. 1873இல் சென்ட்ரல் நிலையம் எழுந்தபின் இதன் சிறப்பு மங்கிற்று. நெடுங்காலம் கவனிப்பாரற்றுக் கிடந்த அக்கட்டடம் 2005இல் புதுப்பிக்கப்பட்டது.

பழைய துறைகளைப் புதுப்பித்து அழகுசெய்வது இன்று உலகெங்கும் நடைபெறுகிறது. சிங்கப்பூர் ஆற்றில் தொடக்கக் காலத்தில் சரக்குத் தோணி ஓட்டியவருள் தமிழர் பலர். 1977 முதல் பத்தாண்டுகள் அவ்வாற்றைத் தூய்மை செய்தனர். 1983இல் தோணிகள் அங்கிருந்து அகற்றப்பட்டன. கரையிலிருந்த கிடங்குகள் இன்று உணவு விடுதிகளாகப் பொலிகின்றன. கட்டடங்கள் காக்கப்பட்டன, தோணிக்காரர்தாம் அங்கே இல்லை.

இராயபுரத்தில் அன்று நடந்ததை அந்த மேற்பார்வையாளரே பின்னர் எனக்குக் கூறினார். நிலையத்தின் தூண்களைப் படம் எடுத்த பின் என்ன செய்வதென்று எல்லாரும் நின்றபோது, எண்மருள் மூத்தவர் பேசத் தொடங்கினாராம். அவருடைய தந்தை துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர். 1983இல் சரக்குப்பெட்டக முனையம் வந்தபின், பாரந்தூக்கிகள் பெட்டகங்களையே தூக்கின. தோள்களுக்கு வேலை குறைந்தது. வேலையற்ற நாள்களில் தந்தை விடியற்காலையில் எழுந்து, வழக்கம்போல் துறைமுக வாயில் வரை நடந்து போய்த் திரும்புவாராம். அன்று அவர் சொன்னதை அனைவரும் அமைதியாகக் கேட்டனர். ஐந்தாண்டுகள் உடன் உழைத்தும் அவருடைய முழுப்பெயரை அன்றுதான் அறிந்ததாக மேற்பார்வையாளர் சொன்னார்.

ஓய்வுநாளை இறைவன் வீட்டுத் தலைவனுக்கு மட்டும் தரவில்லை. பணியாளனுக்கும் அந்நியனுக்கும் சேர்த்தே தந்தார். 2024இல் தொடங்கப்பட்ட வளர்ச்சித் திட்டத்தால் நம் வடசென்னையிலும் புதிய கட்டடங்கள் எழுகின்றன. அவற்றை எழுப்புவோரையும், நாளை அவற்றைப் பெருக்கித் துடைப்போரையும் நாம் பெயர் சொல்லி அழைக்கப் பழகவேண்டும்.

குடும்பத் தலைவர்களே, உங்கள் பிரிவின் அடுத்த பட்டியலை ஒருமுறை எண்ணிப் பாருங்கள். தாய்மார்களே, சுற்றுலா முடிந்து வீடு திரும்பும் கணவரிடம், யார் யார் வந்தார்கள் என்று கேளுங்கள்.