சங்கத்தின் தனிவீரர் எவர்?

காற்பந்தாட்டத்தில் ஒரு வீரனது பெருமையைக் கோல்களின் தொகையாலும் கோப்பைகளின் எண்ணிக்கையாலும் அளந்துவிடும் வழக்கம் நம் மாணவ நண்பர்களிடையே மிகப் பரவியிருக்கின்றது. விடுதியில் இராப்போஜனத்திற்குப் பின் எழும் வாதங்களைச் செவியுற்றோர் இதனை நன்கறிவர். ஆட்டத்திறனை மதிப்பதற்கு இக்கணக்குப் போதுமாயிருக்கலாம். ஆயின் ஓர் ஊர் மக்கள் ஒருவரைத் தலைமுறை தலைமுறையாகத் தம்மவர் என்று போற்றுவதற்குரிய காரணம் அக்கணக்கினுள் அகப்படுவதன்று என்பது நம் துணிபு.

இங்கிலாந்து தேசத்து லங்காஷயரில் பிரெஸ்டன் என்பது பஞ்சாலைகளாற் பேர்பெற்றிருந்த நகரம். டாம் பின்னி என்பார் அவ்வூரில் 1922ஆம் ஆண்டிற் பிறந்தவர். பிரெஸ்டன் சங்கத்தார் அவரைப் பதினான்காம் பிராயத்தில் அழைத்தபோது, கைத்தொழில் ஒன்றை முதலிற் கற்று முடிக்கவேண்டுமென்று தந்தையார் வற்புறுத்தினமையால், தண்ணீர்க்குழாய் வேலை பயின்றார். யுத்தத்தில் ராணுவ சேவை புரிந்து மீண்டு, 1946ஆம் ஆண்டிலேதான் லீக் பந்தயத்தில் முதன்முறை இறங்கினார். 1960ஆம் ஆண்டில் ஓய்வு பெறும்வரை லீக் பந்தயங்களில் வேறெந்தச் சங்கத்திற்காகவும் அவர் ஆடியதில்லை. ஆடியவை 433; அடித்த கோல்கள் 187.

இனி அவர் பெற்ற பரிசுகளை நோக்குவோம். 1953இல் பிரெஸ்டனும் ஆர்ஸனலும் புள்ளிகளிற் சமமாய் நின்றன. கோல் விகிதத்தின் நூலளவு வேற்றுமையால் பட்டம் ஆர்ஸனலுக்குப் போயிற்று. 1954இல் கோப்பைப் பந்தயத்தின் இறுதியாட்டத்தில் வெஸ்ட் பிராம்விச் ஆல்பியனிடம் 3–2 என்று தோல்வி. 1958இல் மீண்டும் இரண்டாமிடம். 1941இல் பெற்ற யுத்தகால வெற்றிகளும் 1951இல் வென்ற இரண்டாம் பிரிவுப் பட்டமும் நீங்கலாகச் சங்கத்தோடு அவர் கண்ட வெற்றி வேறில்லை. கணக்கர்க்கு இது வறிய ஏடே. பிரெஸ்டன் மாந்தர்க்கோ அத்தோல்விகளே அவரைத் தம்மோடு பிணித்த கயிறுகள். தாம் ஏங்கியதற்கே அவரும் ஏங்கினார். தாம் வெறுங்கையோடு ரயிலேறியபோது அவரும் அவ்வாறே ஏறினார்.

இங்கே நண்பர் ஒருவர் தடை நிகழ்த்தக்கூடும். 1952இல் இத்தாலியிலுள்ள பலெர்மோ சங்கத்தார் 10,000 பவுன் தருவதாகச் சொல்லி அவரை அழைத்தனர். அக்காலத்தில் இங்கிலாந்தில் ஆட்டக்காரர் பெறத்தக்க உச்சக் கூலி வாரத்திற்கு 14 பவுன். பிரெஸ்டன் சங்கத் தலைவர் விடை கொடுக்க மறுத்துவிட்டார். சங்கம் விடாமல் ஆட்டக்காரன் பெயர முடியாதென்பது அந்நாளைய விதி. ஆகவே, கட்டுண்டு இருந்ததை விசுவாசமென்று கொண்டாடுவது தகுமோ என்பது வினா.

இவ்வினா நியாயமானதே. அவ்விதி கொடியது என்பதில் நமக்கு இருகருத்தில்லை. உச்சக்கூலி வரம்பு 1961இல் ஒழிந்ததும், விடுவிப்பு விதியை 1963இல் நீதிமன்றம் கண்டித்ததும் நன்றே. மேலான கூலியை நாடிச் செல்லும் ஆட்டக்காரனை நாம் இகழோம். பஞ்சாலைத் தொழிலாளி செய்தால் நியாயம், பந்தாடுவோன் செய்தால் துரோகமோ? ஆயினும், கட்டுண்ட ஒருவன் முகஞ்சுளித்து அரைமனத்தோடு ஆடுவதற்கும் வழியுண்டு. பின்னி அவ்வாறு செய்திலர். மறுக்கப்பட்ட பின்னரும் எட்டாண்டுகள் முழுமனத்தோடு ஆடினார். இடையே குழாய்த் தொழிலையும் நடத்திவந்தார். மக்கள் பாராட்டியது அவர் போகாமையை அன்று, தங்கிய விதத்தையே.

சொந்த ஊரிற் பிறந்திருத்தல் இதற்கு இன்றியமையாததோ எனின், அதுவும் அன்று. பெர்ட் டிரவுட்மன் ஜெர்மன் தேசத்துப் பிரெமன் நகரத்தார். பகைவர் படையிற் போரிட்டுச் சிறைப்பட்டு இங்கிலாந்துக்குக் கொண்டுவரப்பட்டவர். 1949இல் மான்செஸ்டர் சிட்டி சங்கத்தார் அவரைக் கோல் காவலராக ஏற்றபோது, ஏறத்தாழ 20,000 பேர் கூடி எதிர்ப்புத் தெரிவித்தனர். யுத்தத்தில் மைந்தரை இழந்தோர் வாழ்ந்த நகரத்தில் அது வியப்பன்று. யூதகுருவாகிய ஆல்ட்மன் என்பார், ஒரு தேசம் செய்த கொடுமைக்கு இத்தனி மனிதரைத் தண்டியாமல் வாய்ப்பளிக்கவேண்டுமென்று பகிரங்கமாக எழுதினார். அப்பெருந்தன்மையை வியவாதிருத்தல் எங்ஙனம்! 1956இல் கோப்பை இறுதியாட்டத்தில் மோதுண்டு கழுத்தெலும்பு முறிந்தும், அதனை உணராமலே எஞ்சிய பதினேழு நிமிஷங்களும் நின்று காத்தார் டிரவுட்மன். சிட்டி 3–1 என்று வென்றது. முறிவு சில நாட்களுக்குப் பின்னரே தெரியவந்தது. ஆயினும் அவ்வொரு நாட் செயலே அவரைத் தனிவீரராக்கிற்று என்று கொள்ளுதல் பிழை. அதற்குமுன் ஏழு பருவங்கள், கூச்சலையும் பழிச்சொல்லையும் பொறுத்து, வாரந்தோறும் அவர் அவ்விடத்திலே நின்றிருந்தார். 1964இல் அவருக்கு விடையளிக்க நடந்த ஆட்டத்திற்கு 47,000 பேருக்கு மேல் திரண்டனர். அவர்களுள் 1949இல் எதிர்த்துக் கூவியோரும் சிலர் இருந்திருப்பர் என்று நாம் நினைக்கின்றோம்.

பின்னி ஓய்வுற்ற மறுவருஷமே பிரெஸ்டன் முதற்பிரிவினின்றும் இறங்கியது. அறுபது ஆண்டுகள் கழிந்தும் அங்கு மீளவில்லை. 2014இல் அவர் காலமானார். டீப்டேல் மைதானத்திற்கு வெளியே 2004இல் எழுப்பிய அவரது சிலை, மழைநீர் தேங்கிய களத்தில் தண்ணீரைச் சிதறடித்துப் பந்தின்பின் பாயும் கோலத்தில் இருக்கின்றது. அதன் கையிற் கோப்பை ஒன்றுமில்லை.